பூட்டி வைப்பதும் கழற்றி வைப்பதும்: கணினிக் கோப்புகள் பற்றி வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீட்டில் ஒரு லேப்டாப்போ, சின்ன அலுவலகத்தில் இரண்டு மூன்று கணினிகளோ வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதில்கள். வரிக்கணக்கு எழுதுபவர், கிளினிக் நடத்துபவர், கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோ, ஆம்பூரில் ஷூ பேட்டர்ன் வரைபவர் என எல்லோருக்கும் வேலை ஒன்றுதான். ஃபைலை என்கிரிப்ட் செய்ய வேண்டும், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்க வேண்டும். பிறகு அதன் காப்பியை எந்தக் கணினியிலும் மாட்டாத டிஸ்க்கில் தனியே வைக்க வேண்டும்.

விண்டோஸ் திறக்கவே பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. அந்தப் பாஸ்வேர்டு விண்டோஸுக்குள் நுழைவதை மட்டுமே தடுக்கும். லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி, சில நூறு ரூபாய் யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினால் எல்லா ஃபைலும் அப்படியே தெரியும். சர்வீஸ் கடையில் கீபோர்டு மாற்றக் கொடுத்த லேப்டாப்பும் அதே நிலையில்தான் இருக்கிறது. டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருந்தால், கழற்றிச் செருகுபவருக்கு அர்த்தமில்லாத எண்குவியல்தான் கிடைக்கும்.

எதையெல்லாம் பூட்ட வேண்டும்?

பத்திரங்களின் ஸ்கேன், ஆதார், பான், வங்கி விவரம், வாடிக்கையாளர் கணக்கு, குடும்பப் படங்கள், நோயாளிகளின் ரிப்போர்ட் ஆகியவற்றைப் பூட்டுங்கள். இணையத்தில் திரும்பக் கிடைக்கும் சினிமாவையும் சாஃப்ட்வேரையும் பூட்டி டிஸ்க்கை நிரப்ப வேண்டாம்.

பூட்டக் கூடாதவையும் உண்டு. ரத்தப் பிரிவு, ஒவ்வாமை உள்ள மருந்துகள், காப்பீட்டு அட்டை, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை காகிதத்தில் பீரோவில் இருக்கட்டும். ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது யாரும் பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் சி.டி.யை வைத்திருப்பவர்கள் அதன் எல்லா ஃபோல்டரையும் பெயர் மாற்றாமல் அப்படியே காப்பி எடுங்கள். படங்கள் டைகாம் என்ற மருத்துவப் பட வடிவில் இருக்கும். எந்தப் படம் எங்கே என்று சொல்லும் அட்டவணை ஃபைலும் கூடவே இருக்கும். நாலு படத்தை மட்டும் பிரித்தெடுத்தால் அடுத்த டாக்டரின் கணினியில் வரிசை குலைந்துவிடும். ஒரு சி.டி. 700 எம்பிக்கு மேல் போகாது.

என்னிடம் இருப்பது விண்டோஸ் ஹோம். பிட்லாக்கர் கிடைக்குமா?

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்ய விண்டோஸிலேயே உள்ள வசதி பிட்லாக்கர். அது முழுமையாகக் கிடைப்பது ப்ரோ பதிப்பில்தான். ஹோமில் அதன் சுருக்க வடிவம் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இருக்கும். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்று போனால் தெரியும். உங்கள் கணினியின் வன்பொருள் அதற்கு ஒத்துவரவில்லை என்றால் அந்த வரியே இருக்காது. அலுவலகத்து ப்ரோவில் பிட்லாக்கர் போட்டுப் பூட்டிய பென்டிரைவை வீட்டு ஹோமில் திறக்கலாம். புதிதாகப் பூட்டத்தான் முடியாது.

இப்போது வரும் விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல்முறை உள்ளே நுழைந்ததும் இந்த என்கிரிப்ஷன் தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. ‘நான் எதுவும் பூட்டவில்லையே’ என்பவரின் டிஸ்க்கும் பூட்டியிருக்கக் கூடும். அடுத்த கேள்வி அதனால்தான் வருகிறது.

லேப்டாப் திடீரென்று நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. என்ன செய்வது?

அதுதான் ரெக்கவரி கீ. மதர்போர்டு மாற்றினாலோ, கணினியை எழுப்பும் பயாஸ் மென்பொருள் அப்டேட் ஆனாலோ, பூட் அமைப்பில் கை வைத்தாலோ, கணினியில் உள்ள டி.பி.எம். சிப் டிஸ்க்கின் சாவியைத் தர மறுக்கும். அப்போது 8 தொகுதியாக, தொகுதிக்கு 6 இலக்கமாக 48 இலக்கம் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஏறியிருக்கும். போனில் அதே கணக்கில் நுழைந்து, திரையில் தெரியும் கீ அடையாளத்தோடு ஒப்பிட்டு எடுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், லேப்டாப் வாங்கிய அன்று ‘நீங்களே எல்லாம் போட்டுக் கொடுத்துடுங்கண்ணா’ என்று சொல்லியிருப்போம். கடைப் பையன் தன் மின்னஞ்சலைப் போட்டு விண்டோஸை முடித்திருப்பான். சாவி அவன் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டு வருஷம் கழித்து அவனும் அந்தக் கடையில் இருக்க மாட்டான். எண் கிடைக்காவிட்டால் எந்த டேட்டா ரெக்கவரி நிபுணராலும் மீட்க முடியாது. ‘சென்னைக்கு அனுப்பினால் எடுத்துவிடலாம்’ என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆகவே இன்றைக்கே ஒரு வேலை: ஸ்டார்ட்டில் பிட்லாக்கர் என்று தேடி, ‘பேக் அப் யுவர் ரெக்கவரி கீ’ என்பதைத் திறந்து, அச்சிட்டு வையுங்கள். ரசீது வரும் தெர்மல் பேப்பரில் அச்சிட வேண்டாம். நம்மூர் வெயிலில் அது மங்கிப்போகும். லேமினேஷன் போட்டால் அந்தச் சூட்டிலேயே கறுத்துவிடும். சாதாரணத் தாளில் லேசர் அச்சு, அல்லது பால்பாயிண்ட் பேனாவால் கைப்பட எழுதியது.

காசு செலவில்லாமல், எந்தக் கணினியிலும் திறக்கும்படி பூட்ட வழி?

வெராகிரிப்ட். நிறுத்தப்பட்ட ட்ரூகிரிப்ட்டிலிருந்து 2013-இல் கிளைத்து வந்த இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதில் ‘பெட்டக ஃபைல்’ செய்துகொள்வதைத்தான் பரிந்துரைக்கிறோம். வெளியே பார்த்தால் ஒரே பெரிய ஃபைல். பாஸ்வேர்டு போட்டுத் திறந்தால் புது டிரைவ் போல உள்ளே ஃபோல்டர்கள்.

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவிய பின் ‘கிரியேட் வால்யூம்’ அழுத்தி, ஃபைல் கன்டெய்னர், ஸ்டாண்டர்ட் என்று தேர்ந்தெடுங்கள். ஃபைலை எங்கே வைப்பது என்று காட்டுங்கள். அடுத்து வரும் திரையில் ஏ.இ.எஸ். (பூட்டும் முறை), எஸ்.ஹெச்.ஏ.-512 (பாஸ்வேர்டை அரைக்கும் முறை) என்று இருப்பதை மாற்ற வேண்டாம். ஏ.இ.எஸ். 2001 முதல் அமெரிக்க அரசின் தரம். மூன்று முறைகளை அடுக்கிப் போடுவதால் வேகம் குறைவது மட்டும்தான் மிச்சம். பிறகு அளவு, பாஸ்வேர்டு. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் வைப்பீர்களா என்று கேட்டால் ‘யெஸ்’. மவுஸைத் தாறுமாறாக ஆட்டச் சொல்லும். கீழேயுள்ள கோடு பச்சையாக நிரம்பும்வரை ஆட்டுங்கள். சாவிக்கான சீரற்ற எண்கள் அதிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. கடைசியாக ‘ஃபார்மேட்’.

திறக்கும்போது சில விநாடி யோசிக்கும். கணினி மெதுவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சாவியை உருவாக்க, பாஸ்வேர்டை இயல்பாக 5,00,000 சுற்று அரைக்கிறது. ஒரு நொடியில் கோடிக்கணக்கான பாஸ்வேர்டு போட்டுப் பார்க்க நினைக்கும் திருடனுக்கும் ஒவ்வொரு முறையும் அதே 5,00,000 சுற்று.

பெட்டகத்தை மறைக்க அதற்கு ‘அண்ணன் கல்யாணம் வீடியோ’ என்று பெயர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் யாராவது திறந்து பார்ப்பார்கள், ஓடாது, ‘கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிடுவார்கள். ‘அழிக்காதே’ என்று பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

எவ்வளவு பெரிதாகச் செய்யலாம்? நேரம்?

குடும்ப ஆவணங்களுக்கு 20 ஜிபி தாராளம். படங்களுக்குத் தனிப் பெட்டகம். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

சாதாரண ஹார்டு டிஸ்க் யு.எஸ்.பி. 3-இல் நொடிக்குச் சுமார் 100 எம்பி எழுதும் என்று வைத்தால் 500 ஜிபி பெட்டகத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, 1 டிபிக்கு 2 மணி 45 நிமிடம். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் செருகினால் 1 டிபி 9 மணி நேரத்தையும் தாண்டும். புது டிஸ்க்குக்கு ‘குயிக் ஃபார்மேட்’ போட்டுச் சீக்கிரம் முடிக்கலாம். முன்பு பூட்டாத ஃபைல்கள் இருந்த டிஸ்க் என்றால் வேண்டாம். பழைய ஃபைல்களின் எச்சம் அடியில் அப்படியே தங்கிவிடும்.

ஆதார் பி.டி.எஃப்.பிலேயே பாஸ்வேர்டு இருக்கிறதே? ஜிப் போட்டால்?

இறக்கிய மின் ஆதாரின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும். உங்களைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அதைப் பூட்டாகவே கணக்கில் எடுக்காதீர்கள்.

ஜிப்பில் ‘ஜிப்கிரிப்ட்டோ’ என்ற பழைய முறை பலவீனமானது. செவன்-ஸிப் என்ற மென்பொருளில் 7இசட் வடிவம், ஏ.இ.எஸ்.-256 எடுத்து, ‘என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ பெட்டியையும் டிக் செய்தால் ஆடிட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்ப நன்றாகவே போதும். அந்த டிக் இல்லையென்றால் உள்ளே என்னென்ன பெயரில் ஃபைல் இருக்கிறது என்று எவரும் பார்க்கலாம். பாஸ்வேர்டை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்? தமிழில் வைக்கலாமா?

ஊர்ப் பெயர் வேண்டாம். ‘சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம், தொரப்பாடி’ என்று நாலைச் சேர்த்தால் நீளமாகத்தான் தெரியும். ஆனால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவு வரும் ஊர் 100 என்று வைத்துக்கொண்டால் நாலு ஊருக்கு 10 கோடிச் சேர்க்கைதான். கணினிக்கு அது பெரிய எண்ணே இல்லை.

தாயக்கட்டை வேண்டாம், பரமபதம் ஆடும் ஆறு முகப் பகடை ஒன்று எடுங்கள். குறைந்தது 216 பக்கமுள்ள தமிழ் அகராதி ஒன்று. மூன்று முறை உருட்டிப் பக்கத்தையும், இரண்டு முறை உருட்டிச் சொல்லையும் தேர்ந்தெடுக்கலாம். முதல் எண்ணில் 1 கழித்து 36-ஆல் பெருக்கு. இரண்டாவதில் 1 கழித்து 6-ஆல் பெருக்கு. மூன்றாவதை அப்படியே கூட்டு. 4, 2, 5 விழுந்தால் 108 + 6 + 5 = 119-ஆம் பக்கம். அடுத்து 3, 6 விழுந்தால் 12 + 6 = 18-ஆவது சொல். பக்கத்தில் அவ்வளவு சொல் இல்லையென்றால் எண்ணிக்கையை அடுத்த பக்கத்தில் தொடருங்கள். ஒவ்வொரு சொல்லும் 7,776 வாய்ப்புகளில் ஒன்று. ஆறு சொல் எடுத்தால் போதும். பிடிக்காத சொல் வந்தது என்று மறுபடி உருட்டக் கூடாது. ‘பிடித்த’ சொற்கள் குறைவு, அதைத்தான் திருடன் முதலில் பார்ப்பான்.

இனி எழுத்து. தமிழ் எழுத்திலேயே தட்டாதீர்கள். ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் சேமிக்கப்படலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியீடாகவும் சேமிக்கப்படலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பாஸ்வேர்டுக்கு வேறு வேறு. ஒரு கணினியில் திறந்தது இன்னொன்றில் திறக்காமல் போவது இதனால்தான். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். அதிலும் ‘ழ’ வந்தால் எப்படி எழுதினீர்கள், நெடிலுக்கு எழுத்தை இரட்டித்தீர்களா என்பதை, பின்னால் சொல்லப்போகும் உறைக்குள் வைக்கும் தாளில் எழுத்தெழுத்தாகக் குறித்துவிடுங்கள்.

பெட்டகத்தில் பூட்டிவிட்டால் ரான்சம்வேர் தொட முடியாதுதானே?

தொடும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்தான் ரான்சம்வேர். அதற்கு உங்கள் பெட்டகமும் ஒரு ஃபைல்தான். படிக்க முடியாவிட்டாலும் அதன்மேல் தன் பூட்டைப் போட்டுவிடும். கணினியில் மாட்டியிருக்கும் டிஸ்க், எப்போதும் திறந்திருக்கும் நெட்வொர்க் ஃபோல்டர் எதையும் விடாது. கேபிள் கழற்றிய டிஸ்க்கை மட்டும் அதனால் எட்ட முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியபோது தப்பியவை அப்படிப்பட்ட காப்பிகள்தான்.

ஒரே டிஸ்க் போதாது. வைரஸ் வந்ததே தெரியாமல் அந்த ஒன்றையும் செருகிவிட்டால் எல்லாம் போகும். இரண்டு டிஸ்க் வாங்கி அ, ஆ என்று எழுதுங்கள். அமாவாசைக்கு அ, பௌர்ணமிக்கு ஆ. தேதி நினைவில்லாதவர்களுக்கும் தினசரிக் காலண்டர் நினைவூட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகவே கூடாது. செருகும் முன் கணினியில் நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். பெயருக்குப் பின்னால் புது வால் முளைத்திருந்தால் டிஸ்க்கைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் அக்கா வீட்டிலோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். ஆற்றோரத் தரைத்தளங்களில் இரண்டையும் வைக்காதீர்கள்.

ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? நம்மூர் வெயில் தாங்குமா?

கழற்றி வைப்பதற்கு ஹார்டு டிஸ்க்கையே சொல்வோம். சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதும் எஸ்.எஸ்.டி.யும் பென்டிரைவும் தகவலை மின்னேற்றமாகப் பிடித்து வைக்கின்றன. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், சூட்டில் வேகமாகக் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்துபோன வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி. 30 டிகிரியில் 1 ஆண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புதியது அதைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டும் ஊரில் மொட்டைமாடிக்குக் கீழறை பீரோவில் வருஷக்கணக்கில் போட்டு வைக்கும் பொருள் அது இல்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை செருகி எல்லா ஃபைலையும் ஒருமுறை படிக்க வையுங்கள்.

ஹார்டு டிஸ்க்குக்கு வேறு கவனம். பல போர்ட்டபிள் டிஸ்க்குகளுக்கு இயங்கும்போது சுற்றுப்புறம் 35 டிகிரி வரைதான் என்று பெட்டியில் வந்த தாளில் போட்டிருக்கும். மே மாத மதியத்தில் நம் அறையே அதற்கு மேல். காப்பி எடுப்பதை விடியற்காலைக்கு மாற்றுங்கள். மின்விசிறிக்கு நேரே, தரையில் கிடையாக வையுங்கள், மெத்தைமேல் வேண்டாம். ஓடும்போது தூக்கக் கூடாது. பீரோவில் வைத்தால் மேற்குச் சுவரை ஒட்டாத தட்டில். காட்பாடி ஸ்டேஷனில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு ரயிலேறாதீர்கள். ஐப்பசி மழைக்கு ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும்.

காப்பி எடுத்துக்கொண்டே வந்தேன். டிஸ்க்கைத் திறந்தால் ஆறு மாதப் பழைய ஃபைல்தான் இருக்கிறது. ஏன்?

அடிக்கடி நடப்பது, கண்டுபிடிப்பதும் கஷ்டம். பெட்டகத்தின் அளவு மாறாது. வெராகிரிப்ட் இயல்பாகப் பெட்டகத்தின் தேதியையும் மாற்றாது. காப்பி எடுக்கும் மென்பொருள் பெரும்பாலும் அளவையும் தேதியையும் ஒப்பிட்டுத்தான் ‘மாறியிருக்கிறதா’ என்று முடிவு செய்கிறது. இரண்டும் அப்படியே இருப்பதால் தாண்டிப் போய்விடும். வெராகிரிப்ட்டின் ப்ரிஃபரன்ஸஸில் ஃபைல் கன்டெய்னரின் தேதியைக் காக்கும் ‘ப்ரிசர்வ் மாடிஃபிகேஷன் டைம்ஸ்டாம்ப்’ டிக்கை எடுத்துவிடுங்கள். கூகுள் டிரைவ் போன்றவற்றில் புதுக் காப்பி ஏறாமல் போவதற்கும் இதே காரணம்தான். அங்கே ஃபைல் ஃபைலாகப் பூட்டும் கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருள் பொருத்தம்.

பெட்டகம் திறந்திருக்கும்போது காப்பி எடுக்கவும் கூடாது. பாதி எழுதிய நிலை பதிவாகும். ‘டிஸ்மவுண்ட்’ செய்து பெட்டகத்தை மூடிய பிறகே.

டிஸ்க் முழுவதையும் வெராகிரிப்ட்டில் பூட்டினேன். செருகினால் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்கிறது.

கேன்சல்! விண்டோஸுக்கு அந்த டிஸ்க் வெறும் குப்பையாகத் தெரிவதால் கேட்கிறது. ‘சரி’ என்று அழுத்தினால் டிஸ்க்கின் தலைப்பகுதி அழியும். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் தகவலும் மூலச் சாவியும் அங்கேதான் இருக்கின்றன. வீட்டில் பல பேர் பயன்படுத்தும் கணினிக்குப் பெட்டக ஃபைலைச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அழுத்திவிட்டீர்களா? எதையும் எழுதாமல் நிறுத்துங்கள். டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் தலைப்பின் மாற்றுப் பிரதி இருக்கும். வெராகிரிப்ட்டின் டூல்ஸ் மெனுவில் ‘ரிஸ்டோர் வால்யூம் ஹெடர்’ கொடுத்து, உள்ளமைந்த பிரதியிலிருந்து என்று தேர்ந்தெடுங்கள். சில ஃபைல் கெட்டிருக்கலாம், மீதி வரும்.

பாஸ்வேர்டு வெளியே தெரிந்துவிட்டது. மாற்றினால் போதுமா?

போதாது. மாற்றும்போது தலைப்பு மட்டுமே புதிதாக எழுதப்படுகிறது. உள்ளே பூட்டும் மூலச் சாவி அதேதான். பீரோவில் இருக்கும் பழைய காப்பி பழைய பாஸ்வேர்டுக்கே திறக்கும். புதுப் பெட்டகம் செய்து, ஃபைல்களை அதற்கு மாற்றி, பழைய காப்பிகளை எல்லா டிஸ்க்கிலும் அழியுங்கள்.

எழுதும்போது கரண்ட் போனால்?

லேப்டாப் என்றால் பேட்டரி காப்பாற்றும். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பெட்டகத்துக்குள் என்.டி.எஃப்.எஸ். முறை எடுத்தால் பாதியில் நின்றாலும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். எக்ஸ்ஃபேட் அவ்வளவு தாங்காது.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க வேண்டியிருக்கிறது.

அதற்கென்று ஒரு சின்ன பென்டிரைவ் வையுங்கள். தேவையான ஃபைல் மட்டும் அதில். கடைக் கணினியின் ஷார்ட்கட் வைரஸ் ஃபோல்டர்களை ஒளித்துவிட்டுப் போலி ஐகான்களைக் காட்டும். வீட்டுக்கு வந்ததும் எதையும் திறக்காமல் ஃபார்மேட் செய்யுங்கள். கடைக்காரரின் வாட்ஸாப்புக்கு அனுப்பினால் அது அவர் டவுன்லோட்ஸில் கிடக்கும். முழு எண் கேட்காத இடத்துக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும்.

நைனா எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டால் வீட்டில் எப்படித் திறப்பது?

இருக்கும்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். டிஸ்க் ஒருவரிடம், பாஸ்வேர்டு எழுதிய ஒட்டிய உறை இன்னொருவரிடம். உறைக்குள் பாஸ்வேர்டு, எந்த மென்பொருள், எந்த ஃபைல், ரெக்கவரி கீ. வருஷத்துக்கு ஒருமுறை, உறையில் உள்ளதை வைத்து வேறொரு கணினியில் வீட்டில் இன்னொருவர் திறந்து பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவருக்குத் திறந்தால்தான் ஏற்பாடு சரி.

இப்படிப் பூட்டுவது சட்டப்படி சரியா?

சரி. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 69-ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அமைப்பு முறையாக உத்தரவிட்டால் திறந்து தர உதவ வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பழைய டிஸ்க்கைக் கடையில் போடலாமா?

முதல் நாளிலிருந்தே முழுக்கப் பூட்டியிருந்த டிஸ்க் என்றால் ஃபார்மேட் செய்து கொடுக்கலாம். பூட்டாத ஹார்டு டிஸ்க் என்றால் குயிக் ஃபார்மேட் டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை முழு ஃபார்மேட். ஏழு முறை அழிக்கத் தேவையில்லை. எஸ்.எஸ்.டி.யில் மேலெழுதுவது நம்பகமில்லை, தேய்மானத்தைப் பங்கிட அது எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். தயாரிப்பாளரின் செக்யூர் இரேஸ் கருவி வேண்டும். ஓடாத ஹார்டு டிஸ்க் என்றால் டிரில்லிங் மிஷினால் தட்டுகளைத் துளைக்கும்படி நாலு ஓட்டை. தட்டு சிலவற்றில் கண்ணாடியாலானது, கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.